அம்மாவுக்கு ஸ்கேலிங் செய்த கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் அம்மா தலைமுறைக்குப் பல் டாக்டர் என்றால் பல் பிடுங்குகிறவர், அவ்வளவுதான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் கடைவாய்ப் பல் வலித்தால் கிராம்பை வைத்துக் கடித்துக்கொள்வார்கள். வீக்கம் தாங்க முடியாமல் போனால்தான் டவுனுக்குப் பஸ் ஏறுவார்கள். அதனால், நீரிழிவுக்கு மருந்து வாங்கும் அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) ஒரு கடிதத்தைக் கொடுத்து, பல் கிளினிக்குக்கும் ஒரு நடை போய் வாருங்கள் என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "எனக்கு ஒரு பல்லும் வலிக்கலையே, எதப் புடுங்கப் போறாங்க?"

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் சுலபமாக வரும், சீக்கிரம் முற்றவும் செய்யும். ஈறு வீங்கிக் கிடந்தால் சர்க்கரையை இறக்குவதும் சிரமம். கடிதம் கொடுத்தது இதற்காகத்தான். இந்த நோயில் வலி கடைசியாகத்தான் வரும். பல் துலக்கும்போது இரத்தக் கசிவு, வாய் நாற்றம், ஈறு இறங்கிப் பல் நீண்டது போலத் தெரிவது எல்லாம் அதற்கு வெகு முன்பே வந்துவிடும். அம்மாவுக்கு மூன்றுமே இருந்தன. வயசானால் அப்படித்தான் என்பது அவர் கட்சி.

மைசெஜாத்ரா செயலியிலேயே அரசாங்கப் பல் கிளினிக்குக்குத் தேதி எடுக்கலாம். கோவிட்டோடு அதன் வேலை முடிந்தது என்று அழித்துவிட்டவர்கள் மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள். கையில் ஐசி (அடையாள அட்டை), மருந்துச் சீட்டு, கடிதம் இருந்தால் போதும். நானும் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி என் பெயரையும் பதிந்துகொண்டேன். தனியார் கிளினிக்கில் ஸ்கேலிங், அதாவது பல்லில் இறுகிய காரையை எடுப்பது மட்டும் நூறு வெள்ளியைத் தொடுகிறது. காத்திருக்கும் நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. பசியாறிவிட்டுப் போங்கள், அதிலும் நீரிழிவுக்காரர்கள் வெறும் வயிற்றோடு போய் உட்காரவே கூடாது.

டாக்டர் தமிழ்ப் பெண். முதலில் அவர் பல்லைப் பார்க்கவே இல்லை. நாக்கின் நுனியைத் துணியால் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்தார். அடிநாக்கு, கன்னத்தின் உள்பக்கம், அண்ணம் எல்லாவற்றையும் விளக்கடித்துத் தேடினார். வாய் எவ்வளவு திறக்கிறது என்றும் பார்த்தார். அம்மா வெற்றிலை போடுகிறவர். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம்தான் அதிகம். அதற்காகவே சுகாதார அமைச்சின் பல் பிரிவு தோட்டங்களுக்கு நேரில் போய் வாயைப் பரிசோதிக்கும் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது.

"நான் பொகையில சேக்கறதே இல்ல டாக்டர். வெறும் பாக்குதான்."

"பாக்குதாம்மா பிரச்சினையே."

புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-இலேயே வெளியிட்டுவிட்டது. வழித்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வரவர வாயைத் திறக்க முடியாமல் இறுக்கம், இதில் எது இருந்தாலும் உடனே காட்ட வேண்டும் என்றார். அம்மாவுக்கு எதுவும் இல்லை. "பாத்தியா?" என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம்தான் ஈறு. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக விட்டு, எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்க்கிறார்கள். டாக்டர் எண்களைச் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டார். மூன்று வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டு விலகிப் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பிரஷ் அங்கே எட்டாது. அம்மாவின் முன்பற்களில் இரண்டு, மூன்று என்று வந்த எண்ணிக்கை கடைவாய்க்குப் போனதும் ஐந்து, ஆறு என்று ஏறியது. கம்பி பட்ட இடமெல்லாம் இரத்தம்.

ஸ்கேலிங் பெரிய வலி இல்லை, சத்தம்தான் பயமுறுத்தும். அதிரும் ஒரு முனை, கூடவே தண்ணீர், அதை உறிஞ்ச ஒரு குழாய். கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில்தான் காரை அதிகம் அப்பியிருந்தது. உமிழ்நீர் அங்கே வந்து இறங்குகிறது, அதிலுள்ள சுண்ணச்சத்து பல்லில் படிந்த அழுக்கோடு சேர்ந்து இறுகிவிடுகிறது. இறுகியதை எந்த பிரஷாலும் எடுக்க முடியாது. முடிந்ததும் அம்மாவின் நாக்கு அந்த இடத்தையே துழாவிக்கொண்டிருந்தது. "சந்து விழுந்துருச்சு. பல்லச் சுரண்டிட்டாங்க." சந்து ஏற்கெனவே இருந்ததுதான், காரை அடைத்துக்கொண்டிருந்தது. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதுவும் இப்படிக் கிளம்பியதாகத்தான் இருக்க வேண்டும். சில நாள் குளிர்ந்த தண்ணீர் கூசும், பிறகு சரியாகிவிடும்.

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். பல்லில் ரோஸ் மருந்தைத் தடவிக் கொப்பளிக்கச் சொல்லி, கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். அழுக்குப் படலம் இருக்கும் இடம் மட்டும் சாயம் பிடிக்கும். அன்று காலை நன்றாகத் துலக்கிவிட்டுத்தான் போயிருந்தேன்; ஆனாலும் ஈறு ஓரம் நெடுக ரோஸ் கோடு, இரண்டு பல் சேரும் இடமெல்லாம் ரோஸ். அம்மா விரலில் பல்பொடி தொட்டுத் தேய்த்தே வளர்ந்தவர். விரல் பல்லின் முகத்தைப் பளபளவென்று ஆக்கும், ஓரத்துக்குப் போகாது. மிருதுவான பிரஷை ஈறைப் பார்த்துச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல் சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். இரண்டு நிமிடம் என்பது செய்து பார்த்தால் நிறைய நேரம்.

இரவு துலக்குவது காலையைவிட முக்கியம், தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும் என்பதால். அதற்குப் பிறகு மைலோ பானம் கிடையாது. நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். இது அம்மாவுக்கு ஒத்தே வரவில்லை. வாய் கொப்பளிக்காமல் சாமி விளக்கேற்றுவது எப்படி என்கிறார். விளக்கேற்றிவிட்டுத் துலக்குங்கள் என்று சமாதானம் பேசியிருக்கிறேன். பற்பசை டியூபில் 1000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் ஃபுளோரைடு என்று இருக்கிறதா பாருங்கள். மலேசியாவில் குழாய் நீரில் ஃபுளோரைடு கலப்பது 1972-இல் தேசியத் திட்டமானது. ஆனால் ஆர்ஓ வடிகட்டி அதையும் எடுத்துவிடும். அந்தத் தண்ணீரைப் பிடித்துக் குடிக்கும் வீடுகளில் பற்பசையைத்தான் நம்ப வேண்டும்.

பல் இடுக்குக்கு நூலைவிட, சந்து உள்ளவர்களுக்குக் குட்டி பிரஷ்தான் வசதி என்றார்கள். மருந்துக்கடையில் அளவு வாரியாகக் கிடைக்கிறது. இறுக்கித் திணிக்காமல் நுழைகிற அளவை கிளினிக்கிலேயே கேட்டுக்கொண்டு வாங்குங்கள். ஆரம்பத்தில் இரத்தம் வரும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தத்தான் எல்லாருக்கும் தோன்றும், ஆனால் நிறுத்தாமல் செய்யச் செய்யத்தான் கசிவு குறைகிறது.

மறுபடி அளந்தபோது முன்பக்கம் கசிவே இல்லை. கடைவாயில் ஐந்தெல்லாம் மூன்று, நான்குக்கு இறங்கியிருந்தன. மேல் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் ஆறிலேயே நிற்கிறது, அதற்கு ஈப்போவில் ஈறு நிபுணரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், தேதிக்குக் காத்திருக்கிறோம். வெற்றிலை இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும், பாக்கு இல்லாமல் என்று அம்மா சொல்கிறார். பாக்கு வெட்டியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.