ஒரு துண்டு கேக்

காலையில் எடை பார்க்கும் மெஷினில் ஏறினேன். நேற்றைவிட 600 கிராம் கூடுதல்.

நேற்று சாப்பிட்டது ஒரு துண்டு கேக். மேலே இருந்த க்ரீமைக் கடைசிவரை ஒதுக்கி வைத்து, ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டேன். ஆறு வாரம் கழித்து நாக்கில் பட்ட இனிப்பு.

முன்பென்றால் இன்று பட்டினி கிடந்திருப்பேன். அப்புறம் ராத்திரி கையில் கிடைத்ததையெல்லாம் தின்றுவிட்டு, "எல்லாம் போச்சு" என்று மொத்தமாக விட்டிருப்பேன். இரண்டு முறை டயட் நின்றது அப்படித்தான். கேக்கால் இல்லை, மறுநாள் பட்டினியால்.

ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும். நான் சாப்பிட்ட துண்டில் ஒரு 400 இருக்கும். ஏறியது பெரும்பாலும் தண்ணீரும் இன்னும் செரிக்காத சாப்பாடும்தான். மாவுச்சத்து, கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாக உடலில் சேரும்போது, கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும்.

தினமும் ஒரு துண்டு என்றால் அந்த 400 சேர்ந்துகொண்டே போகும். அதனால் வாரத்தில் ஒரு நாள், தட்டில் வைத்து, உட்கார்ந்து, ருசித்து.

சரி, முட்டை வெந்துவிட்டது. இன்றைக்கும் வழக்கமான காலைச் சாப்பாடுதான்.