"வீட்டுக்குத் தெரிஞ்சிடுமா?"

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர் வேலை என்றால் பரிசோதனை முடிவைச் சொல்லும் வேலை என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். முடிவைச் சொல்லச் சில நிமிடம் போதும். 'பாசிட்டிவ்' என்று கேட்டவர் பெரும்பாலும் முதலில் மருந்தைப் பற்றிக் கேட்பதில்லை. "வீட்டுக்குத் தெரிஞ்சிடுமா?" என்பார். மீதி நேரமெல்லாம் அந்தக் கேள்விக்கே போகும்.

எங்கள் வழியாகத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி./எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வயது வந்த ஒருவரின் முடிவை அவர் சம்மதம் இல்லாமல் அம்மாவிடமோ அண்ணனிடமோ சொல்லக் கூடாது. வீட்டைப் பொறுத்தவரை கணவன், மனைவி அல்லது துணைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும் எடுத்த எடுப்பில் அல்ல. துணைக்குத் தொற்றும் ஆபத்து நிஜமாகவே இருக்க வேண்டும். சொல்லும்படி ஆலோசனை தந்திருக்க வேண்டும். அவர் சொல்லப்போவதில்லை என்பது உறுதியாக வேண்டும். "நாங்கள் சொல்லப்போகிறோம்" என்று அவரிடமே முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகும் நேரில்தான் சொல்லலாம்.

இதைக் கேட்டதும் பலருக்கு மூச்சு திரும்பும். அப்போது ஒரு தாளைக் கொடுத்து, வீட்டில் இருப்பவர்களை வரிசையாக எழுதச் சொல்வது பயன்படும். ஒவ்வொருவருக்கும் நேரே இரண்டு கேள்விகள்: தெரியாவிட்டால் இவருக்கு என்ன கேடு? தெரிந்தால் இவர் வழியாக வேறு யாருக்குப் போகும்? எழுதி முடித்தால் மனைவியைத் தவிர யாருக்கும் உடனே சொல்லத் தேவையில்லை என்று அவருக்கே தெரியும். மச்சானுக்கும் மாமியாருக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருந்த பாரம் அங்கேயே பாதி இறங்கிவிடும்.

மனைவி விஷயத்தில் தள்ளிப்போட முடியாது. முடிவு தெரிந்த நாள் முதல் ஆணுறை வேண்டும். பல ஆண்டு தாம்பத்தியத்தில் திடீரென ஆணுறை வந்தாலே கேள்வி வரும். தனியாகப் படுத்தாலும் வரும். "தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்று நாள் கேட்பவரிடம் இதை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்.

தைரியம் இல்லை என்று சொல்பவரைக் கொஞ்சம் பேச விட்டால், பயம் வேறு இடத்தில் இருப்பது தெரியும். "எனக்கு இது இருக்கு" என்று சொல்லிவிடுவார். "எப்படி வந்துச்சு?" என்ற அடுத்த கேள்விக்குத்தான் அவரிடம் பதில் இல்லை. ஆகவே ஒத்திகை பார்க்க வேண்டியது அந்தப் பதிலை. ஊசி, சலூன் பிளேடு என்று கதை கட்டுவது வழக்கம். அது உடையும் நாளில், மருந்தைப் பற்றிச் சொன்ன உண்மையையும் மனைவி நம்ப மாட்டார். "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தப்பு நடந்துச்சு" என்ற அளவுக்கு உண்மை போதும், அது உண்மையாக இருந்தால். பெயர், ஊர் எல்லாம் அன்றைக்கே சொல்ல வேண்டியதில்லை. எப்போது தொற்றியது, யாரிடமிருந்து என்பதை இந்தப் பரிசோதனை காட்டாது.

கெட்டுப்போகும் வழிகள் எங்களுக்குப் பழக்கமானவை. குடித்துவிட்டுச் சொல்வது. வெளியூரிலிருந்து போனில் சொல்லிவிட்டு அணைத்துவிடுவது. அண்ணனிடம் சொல்லி, அண்ணி வழியாக மனைவிக்குப் போவது. இதில் கடைசி வகைதான் அதிகம் புண்படுத்தும்; நோயை மன்னித்தவர்கூட, தான் கடைசியாக அறிந்ததை மன்னிப்பதில்லை. இன்னொன்று, "சுகர் டெஸ்ட்னு சொல்லிக் கூட்டிட்டு வர்றேன், நீங்க எடுத்திடுங்க மேடம்" என்பது. சம்மதம் இல்லாமல் எடுக்கவே முடியாது. இருவரும் சேர்ந்து வந்தால் நாங்கள் பக்கத்தில் உட்காருவோம். வாயைத் திறக்க வேண்டியவர் அவர்தான்.

கர்ப்பகாலப் பரிசோதனையில் தெரியவரும் பெண்ணுக்கு இந்த அறிவுரைகளை அப்படியே தரக் கூடாது. கணவருக்கு அதுவரை பரிசோதனையே நடந்திருக்காது. முதலில் தெரியவந்தது அந்தப் பெண்ணுக்கு என்பதால், முதலில் தொற்று வந்ததும் அவருக்கே என்று புகுந்த வீடு முடிவு கட்டிவிடும். அவர் தனியாகச் சொல்வதற்கு முன், வீட்டில் அடி உதை உண்டா, விரட்டிவிட்டால் போக இடம் உண்டா என்று கேட்டாக வேண்டும். வன்முறையோ கைவிடப்படுவதோ நேரலாம் என்ற நியாயமான அச்சம் இருந்தால், துணையிடம் நாங்கள் சொல்லக் கூடாது என்று அதே சட்டம் தடுக்கிறது. கர்ப்பிணியின் கணவர் எல்லோருக்கும் பரிசோதனை உண்டு என்று பொதுவாக அழைப்பது நல்லது. இருவர் முடிவும் கையில் இருக்கும்போது பழி ஒரு பக்கமே சாய்வதில்லை. எதற்காகவும் சிகிச்சையைத் தள்ளக் கூடாது. குழந்தைக்குத் தொற்றாமல் காப்பது அதுதான்.

மாத்திரை பற்றி ஒன்று. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. அரிசி டப்பாவிலும் வண்டிப் பெட்டியிலும் ஒளித்துவைப்பவர் விருந்தாளி வந்த இரவுகளில் விட்டுவிடுகிறார். "சத்து மாத்திரை" என்று சொல்லி வைத்தால், வீட்டார் கால்சியம், இரும்பு மாத்திரைகளோடு சேர்த்து நீட்டுவார்கள். வெறும் வயிற்றில் அப்படிச் சேர்த்து எடுத்தால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. அந்தக் கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ இந்த மாத்திரையை எடுக்க வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகத் தொற்றாது. மனைவிக்குச் சொல்ல அவரிடம் இருக்கும் ஒரே நல்ல செய்தி இதுதான். அதை முதல் நாளே சொல்ல வேண்டும்.

சொன்ன பிறகு மனைவிக்குப் பரிசோதனை; நெகட்டிவ் என்றாலும் 3 மாதம் கழித்து மறுபடி. அந்தச் சந்திப்பில் கணவரை வெளியே உட்காரச் சொல்கிறோம். இப்போது மனைவியும் தன் அம்மாவிடம் சொல்லலாமா என்று தவிப்பவர். அவருக்கும் ஒரு தாள் தர வேண்டும். அதில் அவர் எழுதுவதைக் கணவரிடம் காட்ட மாட்டோம்.