நகைப் பெட்டி நாட்குறிப்பு: டிசம்பர் 2024

டிசம்பர் 2, திங்கள்

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து இரண்டு நாள் ஆகிறது. வெளியே வெயில் எட்டிப் பார்த்தாலும் பீரோவுக்குள் வைத்த ஈரப்பதமானி 81 காட்டுகிறது. வெள்ளி கறுப்பதும் கவரிங் பச்சை பூப்பதும் பெரும்பாலும் இந்த மாதிரி வாரங்களில்தான். மார்கழியில் கல்யாணம் கிடையாது, தை பிறந்தால் எல்லாம் மறுபடி வெளியே வந்துவிடும். பெட்டியைக் கவிழ்த்து ஒழுங்குசெய்ய இதைவிட நல்ல இடைவெளி வராது.

கணக்கில் உள்ளவை: தங்கம் 31 உருப்படி, வெள்ளி 14, முத்துச் சரம் 2, பவழம் 1, கவரிங் ஏறக்குறைய 40, ஒரு முழு பரதநாட்டிய செட்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது எதோடு எதை வைப்பது என்பது. வழக்கமாகச் செட்டு செட்டாக, கடையில் தந்த வெல்வெட் பெட்டியிலேயே வைத்துவிடுகிறோம். அங்கேதான் கோளாறு. ஒரே செட்டில் தங்க ஆரமும் முத்து ஜிமிக்கியும் இருக்கும். ஒன்றுக்கு ஈரம் கூடாது, மற்றதற்கு ஒரேயடியாக வறண்டாலும் ஆகாது. எந்த நகை எதனால் கெடுமோ அதை வைத்துப் பிரிப்பதுதான் சரி. செட் கணக்கு நோட்டில் இருந்தால் போதும்.

வாங்கி வைத்தவை: 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, பத்து மடங்கு லென்ஸ், ஜிப்லாக் கவர் மூன்று அளவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் அரைக் கிலோ, குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கி இரண்டு. பழைய வேட்டி ஒன்று கஞ்சி போகத் துவைத்து, முழத் துண்டுகளாகக் கிழித்தாயிற்று.

டிசம்பர் 4, புதன்

கல் இல்லாத தங்கம் மட்டும் இன்று.

பூந்திக்கொட்டை நான்கை உடைத்து விதை நீக்கி, அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் அரை மணி ஊறவிட்டு, கசக்கி வடிகட்ட வேண்டும். அந்த நீரில் நகை 15 நிமிடம் கிடந்தால் வியர்வைப் பிசுக்கு இளகிவிடும். பிறகு பல்துலக்கியால் கண்ணி கண்ணியாகத் தேய்த்து, இரண்டு பாத்திரம் நல்ல தண்ணீரில் அலசலாம். பாத்திரம் கழுவும் திரவம் நான்கு சொட்டு விட்டாலும் இதே பலன்தான்.

பற்பசை வேண்டாம். அதிலுள்ள தேய்ப்புத் துகள் 22 கேரட் தங்கத்தில் மயிர்க்கோடு போடும், முகம் மங்கிவிடும். பிளீச்சிங் பவுடர் கலந்த நீர் அதைவிட மோசம், பற்றவைத்த இடங்களை அரிக்கும். குளியலறையைக் கழுவும் நாளில் மோதிரத்தைக் கழற்றிவிடுவது நல்லது.

அலசுவதைக் குழாயடியில் செய்யக்கூடாது. விளிம்புள்ள தாம்பாளத்தின் மேல் வைத்து அலசி, அந்தத் தண்ணீரையும் டீ வடிகட்டியில் ஊற்றிப் பார்த்த பிறகே கொட்ட வேண்டும். திருகாணி போகும் வழி பெரும்பாலும் தொட்டித் துளைதான்.

காயவைப்பதில் அவசரம் கூடாது. தட்டையான சங்கிலிக்கு ஒரு மணி நேரம் மின்விசிறிக் காற்று போதும். உள்ளே வெற்றிடமுள்ள குண்டு, ஜிமிக்கிக் குடை, குழல் வளையல் ஆகியவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றை ஓர் இரவு துணிமேல் விட்டு, காலையில் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துத்தான் எடுத்து வைத்தாயிற்று.

டிசம்பர் 7, சனி

கல் வைத்தவை. இன்றைக்குத் தண்ணீர்ப் பாத்திரமே தேவைப்படவில்லை.

அட்டிகை, பழைய கல் தோடு, கெம்பு பதித்த நெத்திச்சுட்டி எல்லாம் மூடிய கட்டு, அதாவது கல்லின் பின்புறம் அடைத்தது. கல்லுக்கு அடியில் பளபளப்புத் தகடும், குழிக்குள் அரக்கும் இருக்கும். நீர் ஒருமுறை உள்ளே இறங்கினால் தகடு கறுத்து, கல் செத்த கண்போல ஆகிவிடும். கல்லைப் பெயர்த்துத் தகடு மாற்றாமல் அது திரும்பாது. சூடு பட்டால் அரக்கு இளகிக் கல் ஆடும். ஆகவே ஊறவைப்பது, கொதிநீர், வெயில் மூன்றும் விலக்கு. நீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் முகத்தை மட்டும் துடைத்து, உடனே உலர் துணியால் ஒற்ற வேண்டும்.

திறந்த கட்டு வைரத்தோட்டுக்கு இந்தப் பயமில்லை. அங்கே பார்க்க வேண்டியது கல்லைப் பிடிக்கும் நகங்கள். பஞ்சை மெல்ல இழுத்துச் சென்றால், நூல் மாட்டும் இடத்தில் நகம் தூக்கியிருக்கிறது என்று பொருள். இரண்டு உருப்படி அப்படி அகப்பட்டன. அவற்றைத் தனிக் கவரில் போட்டு ‘பத்தர்’ என்று எழுதியாயிற்று.

வைரத்தை வேறு எதோடும் சேர்க்கக்கூடாது. கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, மரகதம் 7.5 முதல் 8, பவழம் 3 முதல் 4, தங்கம் 3க்கும் கீழே. ஒரே டப்பாவில் உருண்டால் கீறல் யார்மேல் விழும் என்பதை இந்த எண்களே சொல்லும்.

முத்துக்குத் தனி நியாயம். புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் அருகே வரக்கூடாது, அமிலம் முத்தின் மேற்பூச்சைக் கரைத்துவிடும். வாசனைத் திரவியமும் அப்படியே. கொக்கியில் தொங்கவிட்டால் பட்டு நூல் இழுபட்டு, முத்துக்கும் முத்துக்கும் நடுவே இடைவெளி விழும். படுக்க வைத்து, பருத்தித் துணிப் பைக்குள் சுருட்டாமல் வைப்பதே முறை. முத்துக்கு மட்டும் ஜிப்லாக்கும் சிலிக்கா ஜெல்லும் கூடாது. பவழமும் முத்தோடு சேர்ந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

வெள்ளி.

கறுப்பது அழுக்கால் அல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்மம் வெள்ளியோடு கூடி வெள்ளி சல்பைடு ஆவதால். ஈரம் இருந்தால் வேகம் கூடும். கந்தகம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் வீட்டிலேயே பட்டியல் நீளும்: ரப்பர் பேண்டு, கம்பளித் துணி, முட்டை, வெங்காயம், செய்தித்தாள். கொலுசு ஜோடியை ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்து வைக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். பேண்டு பட்ட இடத்தில் மட்டும் கறுப்பு வளையம் விழுந்திருந்ததை மூன்று ஜோடியில் பார்க்க முடிந்தது.

கறுப்பு எடுக்க: பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளைப் பளபளப்புப் பக்கம் மேலாக விரித்து, வெள்ளியை அதன்மேல் தொடும்படி வைத்து, ஒரு லிட்டர் நல்ல சூட்டு நீர், ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா, ஒரு மேசைக்கரண்டி உப்பு. அழுகிய முட்டை வாடை வந்தால் வேலை நடக்கிறது. கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடுகிறது, வெள்ளி தன் இடத்தில் நிற்கிறது. 5 முதல் 10 நிமிடம் போதும். வெள்ளி தாளைத் தொடாமல் மிதந்தால் ஒன்றும் நடக்காது. பலர் ‘இது பலிக்கவில்லை’ என்று கைவிடுவது அதனால்தான்.

விபூதி போட்டுத் தேய்ப்பது பழைய வழி. கெட்டதில்லை. ஆனால் தேய்ப்பு எதுவானாலும் ஒவ்வொரு முறையும் துளி வெள்ளியைக் கொண்டு போகும், மெல்லிய சித்திர வேலை நாளடைவில் வழுவழுத்துவிடும்.

சோடாக் குளியலுக்குப் போகக்கூடாதவை: கல் பதித்தது, எனாமல் பூசியது, தங்க முலாம் பூசியது, ஆக்சிடைஸ்டு நகை. கடைசியதில் கறுப்புதான் அழகே, அதையும் சேர்த்து வெளுத்துவிடும்.

நன்றாகக் காய்ந்தபின் ஒவ்வொரு ஜோடியும் நகைக்கடை ரோஸ் காகிதத்தில் சுற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றிய ஜிப்லாக்கில் போயிற்று.

டிசம்பர் 11, புதன்

எடை, முத்திரை, பதிவு. அலுப்பான நாள், ஆனால் இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் செய்து பயனில்லை.

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் நிறுக்க வேண்டும், காற்றில் இரண்டாம் தசமம் ஆடிக்கொண்டே இருக்கும். தராசோடு வந்த எடைக்கல்லை வைத்து முதலில் சரிபார்க்கலாம். நோட்டில் போட்ட பத்திகள்: வரிசை எண், பெயர், மொத்த எடை, கல் எடை, நிகர எடை, தரம், முத்திரை எண், ரசீது தேதி, எந்தத் தட்டு, படம். நிகர எடை ரசீதில் இருக்கும். ரசீது இல்லாத பழைய கல் நகைக்கு மொத்த எடையை மட்டும் எழுதிவிடலாம், ஊகித்து நிரப்பக்கூடாது. பவுனில் எழுதாமல் கிராமில் எழுதுவது நல்லது. 8 கிராம் ஒரு பவுன் என்று பிறகு வகுத்துக்கொள்ளலாம்.

இப்போதைய ஹால்மார்க்கில் மூன்று குறிகள்: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முக்கோணச் சின்னம், தரம் (22கே916, அதாவது 22 கேரட், 91.6 சதவீதத் தங்கம்), எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி என்னும் தனி அடையாள எண். சங்கிலியில் கொக்கிக்கு அருகிலும், வளையல், மோதிரத்தில் உட்பக்கமும் தேடலாம். அந்த ஆறையும் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் உருப்படியின் வகையும் தரமும் வரும். அங்கே ‘மோதிரம்’ என்று வந்து கையில் இருப்பது சங்கிலியானால் கடைக்குப் போய்க் கேட்க வேண்டியதுதான். 2021 ஜூலைக்கு முன் வாங்கியவற்றில் எச்யுஐடி இருக்காது, பதிலாக ஹால்மார்க் மையத்தின் குறியும் கடையின் குறியும் இருக்கும். 2 கிராமுக்கும் குறைந்த மூக்குத்தி போன்றவற்றுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. ‘கேடிஎம்’ என்று மட்டும் குத்தியிருந்தால் அது பற்றவைத்த முறையின் பெயர், தரச் சான்று அல்ல.

ரசீதுகள் பாதி வெளுத்துவிட்டன. வெப்பத்தாளில் அச்சிட்டது சில வருடத்தில் மறையும். எல்லாவற்றையும் நகலெடுத்தாயிற்று.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். எண்ணெய்க் கை, விளக்குப் புகை. பெட்டி திறக்கவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

அடுக்குதல்.

மெல்லிய சங்கிலி சிக்குவது கொக்கி திறந்திருப்பதால்தான். காகித உறிஞ்சுகுழலைச் சங்கிலியின் பாதி நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை உள்ளே விட்டு மறுபுறம் வாங்கிக் கொக்கியைப் பூட்டினால் சிக்கவே சிக்காது. ஏற்கெனவே சிக்கியதைக் கண்ணாடித் தட்டில் வைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, இரண்டு குண்டூசியால் முடிச்சின் நடுவை அகட்ட வேண்டும். முனையைப் பிடித்து இழுத்தால் முடிச்சு இறுகும், கண்ணி வாய் திறக்கும். முறுக்குச் சங்கிலியை மடிக்கவே கூடாது. ஒருமுறை ஒடிந்த இடம் நிமிர்ந்தாலும் கோடு தெரியும். அகல வட்டமாகப் படுக்க வைப்பது ஒன்றே வழி.

60 கிராமுக்கு மேற்பட்ட ஆரத்தையும் காசு மாலையையும் தொங்கவிடக் கூடாது, தன் எடையிலேயே வளையங்கள் நீளும். முழத்துணியில் நீளமாக வைத்துத் துணியோடு சுருட்டினால் காசுக்குக் காசு உரசாது.

வளையல்களை உருளையில் அளவு வாரியாகக் கோத்தாயிற்று: 2.4 ஓர் உருளை, 2.6 ஓர் உருளை. இது இரண்டரைக்குக் கிட்டே வரும் தசமம் அல்ல, 2.4 என்றால் 2 அங்குலமும் பதினாறில் நான்கும், அதாவது 57 மி.மீ. விட்டம். கல் வளையலுக்கு முன்னும் பின்னும் துணி வளையம். தோடுகளைத் திருகாணி பூட்டியபடி துணியில் குத்தி வைத்தால் ஜோடியும் பிரியாது, திருகாணியும் தொலையாது.

வெல்வெட் பெட்டிகள் வெளியேறின. உள்ளே இருக்கும் பசையும் நுரையும் வெள்ளியைக் கறுக்க வைக்கின்றன, இடத்தையும் அடைக்கின்றன. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஆளுக்கொரு 5 லிட்டர் காற்றுப்புகாத டப்பா, ஒவ்வொன்றிலும் துணியில் கட்டிய 25 கிராம் சிலிக்கா ஜெல். ஜெல்லின் ஆரஞ்சு மணி ஈரம் ஏறிப் பச்சையானால் தனித் தட்டில் கொட்டி, 120 டிகிரி அடுப்புப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். அந்துருண்டை இந்த அலமாரிப் பக்கமே வரவேண்டாம்.

டிசம்பர் 16, திங்கள்

கவரிங். செம்பு அல்லது பித்தளை மேல் மிக மெல்லிய முலாம், அவ்வளவுதான். வியர்வை முலாமைத் தாண்டியதும் செம்பு பச்சை பூக்கும். கழற்றியவுடன் உலர் துணியால் துடைத்து, கால் மணி ஆறவிட்டு, ஒரு கவருக்கு ஒரு நகை என்று போட்டால் ஆயுள் கூடும். தங்க டப்பாவில் ஒருபோதும் கலக்கக்கூடாது. அவசரத்தில் ஆள் மாறிப் போகும்.

நாட்டிய செட் நாகர்கோவில் வடசேரி வேலை, புவிசார் குறியீடு பெற்ற கோயில் நகை. வெள்ளி உடல், தங்க முலாம், சிவப்புக் கெம்பு. ஆகவே சனிக்கிழமை சொன்ன விலக்குகள் எல்லாம் பொருந்தும். ஜடையை மடிக்காமல் முழு நீளத்தில் வைக்க 75 செ.மீ. அட்டைப் பெட்டி தேடவேண்டியதாயிற்று. தலைசாமானின் கட்டு நூல்களில் வியர்வை உப்பு ஊறியிருந்தது, எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. சூரியப் பிறை, சந்திரப் பிறை, ராக்கொடி ஒவ்வொன்றும் தனித் துணியில். சலங்கை இதோடு கூடாது, தோல் ஈரத்தை விடாது.

டிசம்பர் 19, வியாழன்

அன்றாடம் போடாத 9 உருப்படி வங்கி லாக்கருக்கு. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை. வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய விலையில் 6 பவுன்கூட வராது. உள்ளே என்ன இருக்கிறது என்பதும் வங்கிக்குத் தெரியாது. எனவே பட்டியலின் ஒரு பிரதி லாக்கருக்கு வெளியே இருப்பது அவசியம்.

வீட்டில் 500 கிராம் தங்கத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்ற பேச்சு தவறான புரிதல். 1994 மே 11 தேதியிட்ட நேரடி வரிகள் வாரிய அறிவுறுத்தல், வருமான வரிச் சோதனையின்போது மணமான பெண்ணுக்கு 500, மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரை பறிமுதல் வேண்டாம் என்கிறது. அது உச்சவரம்பு அல்ல. வாங்கிய வழியைக் காட்ட முடிந்தால் அதற்கு மேலும் இருக்கலாம். வெளுத்த ரசீதை நகலெடுக்க இதுவும் ஒரு காரணம்.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

மூன்று வாரத்துக்குப் பின் சோதனை. தங்க டப்பாவின் மணிகள் ஆரஞ்சாகவே இருக்கின்றன. வெள்ளி டப்பாவில் பாதி பச்சை. மூடியின் ரப்பர் வளையம் ஒரு மூலையில் மடிந்து காற்று புகுந்திருக்கிறது. அந்த மூலைக் கவரில் இருந்த மெட்டி ஜோடியில் மட்டும் மஞ்சள் படர ஆரம்பித்திருந்தது, சோடா நீரில் மூன்று நிமிடத்தில் போய்விட்டது. மூடியின் ரப்பர் வளையத்திலும் கந்தகம் உண்டு என்பது டப்பா வாங்கும்போது யோசித்திருக்க வேண்டியது. சிலிக்கோன் வளையமுள்ள மூடியாக மாற்றியாயிற்று.

பத்தரிடமிருந்து திரும்பிய இரண்டையும் மறுபடி நிறுத்ததில் ஒன்று 0.04 கிராம் கூடியிருந்தது. நகத்தைப் பற்றவைக்கச் சேர்த்த பொடி. பட்டியலில் எடையைத் திருத்தி, தேதி போட்டாயிற்று.

பொங்கலுக்கு வெளியே எடுப்பவை 6. எடுத்த தட்டின் இடத்தில் வரிசை எண் எழுதிய சீட்டு கிடக்கிறது.