டிக்கெட் யார் கையில்?

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு ஒரு தேதியைப் போட்டுத் தேடினால், அதே விமானத்துக்கு, அதே நேரத்துக்கு ஏழெட்டு விலைகள் வரிசையாக வந்து நிற்கும். விமான நிறுவனத்தின் சொந்தத் தளம் பெரும்பாலும் அந்த வரிசையின் நடுவில் எங்கோ இருக்கும். அதற்கு மேலே, சில ஆயிரம் ரூபாய் குறைவாக, கேள்விப்பட்டே இராத பெயர்கள். அந்தச் சில ஆயிரம் எங்கிருந்து குறைகிறது என்று தெரிந்தால், எப்போது எடுக்கலாம், எப்போது கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகலாம் என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.

காட்டுகிறவர் வேறு, விற்கிறவர் வேறு. கூகுள் ஃபிளைட்ஸ், ஸ்கைஸ்கேனர், கயாக் எல்லாம் முக்கியமாகக் காட்டுகிறவர்கள். அங்கே ஒரு விலையைத் தொட்டால் மேக்மைட்ரிப், எக்ஸ்பீடியா, கோட்டூகேட், கிவி என்று வேறொரு கடைக்குள் போய் விழுவீர்கள். பணம் வாங்குவது அந்தக் கடை. நாளைக்குப் பிரச்சினை என்றால் பேச வேண்டியதும் அந்தக் கடையோடுதான். எனவே கடைசிப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் கார்டு எண்ணை அடிக்காதீர்கள்.

விலை குறைவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மொத்த வியாபாரிகள் விமான நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு, பொதுவில் காட்டாத கட்டணத்தில் டிக்கெட் எடுத்து இந்தத் தளங்களுக்குத் தள்ளிவிடுவது முதலாவது. இது உண்மையான தள்ளுபடி. ரத்து விதிகள் மட்டும் கடுமையாக இருக்கும். இரண்டாவது, பட்டியலில் மேலே வருவதற்காகவே நஷ்டத்துக்கு விலை போட்டுவிட்டு, இருக்கைத் தேர்வு, காப்பீடு, ‘பிரீமியம் சப்போர்ட்’, கன்வீனியன்ஸ் ஃபீ என்று பின்னால் வசூலிப்பது. மூன்றாவது, அப்படி ஒரு விலையே இப்போது இல்லை என்பது. சில மணி நேரத்துக்கு முன் சேமித்து வைத்த பழைய விலை அது. கடைசிப் பக்கம் போனதும் ‘விலை மாறிவிட்டது’ என்று வரும்.

ஆகவே ஒப்பிட வேண்டியது கடைசிப் பக்கத்து விலையை. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: வெளிநாட்டுத் தளத்தில் 60,000 ரூபாய், விமான நிறுவனத்தின் தளத்தில் 63,500 என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டுக் கரன்சியில் கட்டினால் பல இந்தியக் கார்டுகள் 3.5% மார்க்கப் (கரன்சி மாற்றத்துக்கான கூடுதல் கட்டணம்) போடுகின்றன, அதன்மேல் 18% ஜிஎஸ்டி. இரண்டும் சேர்த்து 4.13%, அதாவது 2,478 ரூபாய். மிச்சம் ஆயிரத்துச் சொச்சம். இதற்காக நடுவில் ஓர் ஆளை உட்கார வைப்பதா என்பதுதான் கேள்வி. தளம் ரூபாயிலேயே விலை காட்டினாலும், கடை வெளிநாட்டில் பதிவானது என்றால் சில வங்கிகள் தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும். கார்டின் கட்டண அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திரும்பத் திரும்பத் தேடினால் நம்மை அடையாளம் கண்டு விலையை ஏற்றுகிறார்கள் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. விலை ஏறுவதற்குச் சாதாரணக் காரணம் வேறு. ஒரே எகானமிக்குள் பத்துக்கும் மேற்பட்ட கட்டண வகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, ஒவ்வொன்றிலும் இத்தனை இருக்கை. மலிவான எழுத்தில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்றால், நான்கு பேருக்குத் தேடும்போது நால்வருக்குமே அடுத்த எழுத்தின் விலை வரும். குடும்பமாகப் போகிறவர்கள் முதலில் ஒருவருக்குத் தேடி, பிறகு நால்வருக்குத் தேடி, தலைக்கு வரும் விலையை ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் இரண்டு புக்கிங்காகப் பிரிக்கலாம். விமானம் ரத்தானால் இரண்டு புக்கிங்கும் வேறுவேறு விமானத்துக்குப் போய்விடக்கூடும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பிரிக்காதீர்கள்.

லக்கேஜ் விஷயத்தில் தளம் சொல்வதை முழுசாக நம்ப வேண்டாம். ஐரோப்பிய நிறுவனங்களின் ‘லைட்’, ‘பேசிக்’ கட்டணங்களில் பெட்டி போட இடமே கிடையாது, கைப்பை மட்டும்தான். இந்தக் கட்டணம்தான் பட்டியலில் மேலே நிற்கும். விமான நிறுவனத்தின் தளத்தில் அதே விமானத்தை எடுத்து, 23 கிலோ பெட்டி சேர்ந்த கட்டணத்தோடு ஒப்பிட்டால்தான் நியாயமான ஒப்பீடு.

இனி, உண்மையிலேயே பயணத்தைக் கெடுக்கக்கூடிய விஷயம். சில தளங்கள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு நிறுவனங்களின் டிக்கெட்டுகளை ஒட்டவைத்து ஒரே பயணம் போலக் காட்டும். ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். இதில் நடு ஊரில் இறங்கி, குடியேற்றப் பிரிவைத் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். சில சமயம் விமான நிலையமே வேறாக இருக்கும்: இஸ்தான்புல்லில் பெரிய விமான நிலையம் ஐரோப்பியப் பக்கம், சபிஹா கோக்சென் ஆசியப் பக்கம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். ‘கனெக்‌ஷன் கேரண்டி’ என்று தளம் தருவதில் என்ன அடங்கும், எத்தனை மணிக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

விசா இல்லாவிட்டால் சிக்கல் நடு ஊர் வரை கூடப் போகாது, மீனம்பாக்கத்திலேயே முடிந்துவிடும். முதல் நிறுவனத்தின் கணினியைப் பொறுத்தவரை உங்கள் கடைசி ஊர் அந்த நடு ஊர்தான். அந்த நாட்டுக்குள் நுழைய விசா எங்கே என்று கேட்பார்கள். இல்லையென்றால் போர்டிங் பாஸ் கிடையாது. அடுத்த டிக்கெட்டைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் டிரான்சிட் விசாவை, அதாவது வழியில் விமானம் மாறுவதற்கான விசாவைப் பார்க்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் லண்டன் வழியாகப் போனால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் பிரிட்டனின் டிரான்சிட் விசா தேவை. செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா விசா இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு எல்லா ஷெங்கன் நாடுகளிலும் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விமான நிலைய டிரான்சிட் விசா தேவை, அதற்கும் இதே மாதிரி விலக்குகள் இருக்கின்றன. இரண்டு ஷெங்கன் ஊர்களைத் தொடும் வழி, ஃபிராங்க்ஃபர்ட் போய் அங்கிருந்து லிஸ்பன் போய் அப்புறம் பாஸ்டன் என்பது போல, இன்னும் மோசம். நடுவிலுள்ளது உள்நாட்டு விமானம் மாதிரி. முழு ஷெங்கன் விசாவே வேண்டும். தளம் இதையெல்லாம் தடுக்காது. விலை மலிவாக இருந்தால் காட்டும்.

பெயர் விஷயத்தில் நம் ஆட்களுக்குத் தனிச் சிக்கல். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், முழுப் பெயரும் கிவன் நேமில் இருக்கும். தளமோ இரண்டையும் நிரப்பாமல் நகராது. அப்பா பெயரின் ஒற்றை எழுத்தைப் போட்டால் சில தளங்கள் ஏற்காது. சில விமான நிறுவனங்கள் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கின்றன, சில ‘எஃப்என்யூ’ (‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்கின்றன. எந்த நிறுவனத்தில் பறக்கிறீர்களோ அதன் தளத்தில் ஒற்றைப் பெயர் விதியைத் தேடி, அதன்படி போடுங்கள். அமெரிக்க விசாவில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகியிருந்தால் டிக்கெட்டையும் அதையொட்டி எடுப்பது நல்லது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு வருகை விசாவில் அனுமதி இல்லை என்றது; தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. துபாய் போகிறவர்கள் டிக்கெட்டுக்கு முன் பாஸ்போர்ட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

டிக்கெட்டில் பெயரோடு ‘எம்ஆர்’ (மிஸ்டர்) ஒட்டிக்கொண்டு வந்தால் பதற வேண்டாம், அது கணினியின் வழக்கம். எழுத்துப் பிழை என்றால் மட்டும் அன்றே சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் சொன்னால் பெயர்த் திருத்தம் இலவசம் என்ற டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) விதி, நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நேரடியாக எடுத்த டிக்கெட்டுக்குத்தான். இடைத்தளத்தில் எடுத்தவர் அங்கே சேவைக் கட்டணம் கட்டித்தான் நகர வேண்டியிருக்கும்.

பணம் கட்டியதும் வரும் ‘புக்கிங் கன்ஃபர்ம்ட்’ மின்னஞ்சலை டிக்கெட் என்று நினைத்துவிடக் கூடாது. அதிலிருக்கும் நீளமான எண் கடையின் பில் நம்பர். பிஎன்ஆர் என்பது ஆறு எழுத்து, இருக்கையைப் பிடித்து வைத்ததற்கான பதிவு. பணம் கட்டி முறையாக டிக்கெட் போட்டாயிற்று என்பதற்குச் சாட்சி 13 இலக்க இ-டிக்கெட் எண். முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தின் அடையாளம்: எமிரேட்ஸ் 176, கத்தார் 157, லுஃப்தான்சா 220, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, ஏர் இந்தியா 098. பறப்பது வேறு நிறுவனம், எண் 169 என்று தொடங்குகிறதே என்றால் அது ஹான் ஏர். பல நிறுவனங்களுக்காக டிக்கெட் அச்சிடுவதே அதன் தொழில், மோசடி இல்லை. ஏர் ஏசியா போன்ற மலிவு நிறுவனங்களில் இந்த எண் வராமலும் இருக்கலாம், பிஎன்ஆரே போதும்.

பிஎன்ஆர் இருந்து டிக்கெட் எண் இல்லையென்றால், கெடு முடிந்ததும் விமான நிறுவனத்தின் கணினி இருக்கையைத் தானாக விடுவித்துவிடும். கடை உங்கள் பணத்தை வைத்துக்கொண்டு மலிவான இடத்தில் டிக்கெட் கிடைக்குமா என்று அலைந்துகொண்டிருக்கலாம். எனவே அன்றைக்கே விமான நிறுவனத்தின் தளத்தில் ‘மேனேஜ் புக்கிங்’ போய், பிஎன்ஆரும் பெயரும் கொடுத்துத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையா? தளத்தின் பிஎன்ஆர் வேறு, நிறுவனத்தின் பிஎன்ஆர் வேறாக இருக்கும். நிறுவனத்துடையதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து ஓட்டும் பயணம் என்றால் ஆளுக்கொன்று இருக்கும். திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் அங்கே சேர்ப்பது. பல கடைகள் தங்கள் முகவரியைத்தான் கொடுத்திருக்கும். விமானம் மூன்று மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறது என்ற செய்தி அங்கே போய்த் தூங்கும்.

நேர மாற்றம்தான் இடைத்தள டிக்கெட்டின் பெரிய பலவீனம். ஆறு மாதம் முன்னால் எடுத்த டிக்கெட்டில் நேரம் மாறுவது சாதாரணம். மாறியதும் புது நேரத்துக்கு டிக்கெட்டை மறுபடி அச்சிட வேண்டும், அதைச் செய்ய வேண்டியது டிக்கெட் போட்ட அலுவலகம். கடை அதைச் செய்யாமல் விட்டால், பிஎன்ஆரில் புது விமானமும் டிக்கெட்டில் பழைய விமானமும் இருக்கும். செக்-இன் கவுன்டரில்தான் அது வெளியே வரும். விமான நிறுவனத்துக்குப் போன் செய்தால் ‘உங்கள் ஏஜென்டிடம் பேசுங்கள்’ என்பார்கள். தட்டிக்கழிப்பதாகத் தோன்றினாலும், டிக்கெட்டின் கட்டுப்பாடு உண்மையிலேயே ஏஜென்டிடம்தான் இருக்கும். புறப்பாடு நெருங்கிய பிறகோ முதல் விமானத்தில் ஏறிய பிறகோ நிறுவனம் பெரும்பாலும் தானே எடுத்துச் செய்யும். அதற்குமுன் கடையை விடாமல் துரத்த வேண்டும், எழுத்து மூலமாக: எந்த விமானம் வேண்டும் என்று எண்ணையும் தேதியையும் நீங்களே தேடிக் கொடுங்கள். ‘மாற்றித் தாருங்கள்’ என்று மட்டும் எழுதினால் வாரக்கணக்கில் ஓடும்.

என் கணிப்பில், ஒரே நிறுவனம், ஒரே டிக்கெட், தேதி மாறாது, கிளம்ப இன்னும் சில வாரம்தான் என்றால் பெயர் பெற்ற தளத்தில் தாராளமாக எடுக்கலாம். வயதான பெற்றோர் தனியாகப் போகிறார்கள், விசா இன்னும் கையில் வரவில்லை, ஆறு மாதம் கழித்துப் பயணம் என்றால் நேரடியாக நிறுவனத்திடம் எடுப்பதற்கு ஐந்தாயிரம் கூடக் கொடுத்தாலும் தகும். நடுவழியாக, உங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருக்கும் டிராவல்ஸ்காரரை மறந்துவிடாதீர்கள். அவரும் பெரிய ஏஜென்ட்கள் பயன்படுத்தும் அதே அமேடியஸ், கலிலியோ என்ற டிக்கெட் பதிவுக் கணினி அமைப்புகளில்தான் பார்க்கிறார், அவருக்கும் மொத்த வியாபாரி விலை உண்டு, போனை எடுப்பார்.

ரத்து செய்தால், கார்டு ஸ்டேட்மென்டில் யார் பெயரில் பணம் போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கடையின் பெயர் என்றால் நிறுவனம் கடைக்கும், கடை உங்களுக்கும் அனுப்ப வேண்டும், இரண்டு நிறுத்தம். இந்திய நிறுவனங்களின் டிக்கெட்டை ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் ரீஃபண்டுக்குப் பொறுப்பு விமான நிறுவனமே என்கிறது டிஜிசிஏ. பணத்துக்குப் பதில் வவுச்சர் எடுப்பதும் பயணியின் விருப்பம், கட்டாயமில்லை. அமெரிக்கப் பயணங்களில், புறப்பாட்டுக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது 24 மணி நேரத்துக்குள் அபராதமில்லாமல் ரத்து செய்யலாம் என்ற சலுகை நிறுவனத்திடம் நேரடியாக எடுத்தவர்களுக்குத்தான். இடைத்தளங்களை அது கட்டுப்படுத்தாது.

ரீஃபண்ட் தாமதமாகும்போதுதான் ஆட்கள் கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ தேடுகிறார்கள். அங்கேதான் போலி எண்கள் காத்திருக்கின்றன. ஓடிபி சொல்லுங்கள், திரையைப் பகிரும் செயலியை இறக்குங்கள், ‘ரீஃபண்ட்’ வர இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்று எவன் கேட்டாலும் இணைப்பைத் துண்டியுங்கள். கடையின் எண்ணை அதன் செயலிக்குள்ளிருந்தோ முதலில் வந்த ரசீதிலிருந்தோ மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டதென்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. கடை பணம் தராமல் இழுக்கிறதென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.