காட்சி 14

ஜூலை 1, செவ்வாய்
நம் தொலைக்காட்சித் தொடரில் பாட்டியாக நடிக்கும் பெரியம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சலாம். யாரிடமும் சொல்லாமல் நடித்திருக்கிறார். நாளைய கால் ஷீட்டில் அவருக்கு ஆறு காட்சிகள். ஆறையும் தள்ளிவைத்தாயிற்று.

ஜூலை 2, புதன்
டெங்கி. வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

ஜூலை 3, வியாழன்
கதை வரிசையில் எடுப்பதாக இருந்தால் கவலையே இல்லை. நாம் எடுப்பது இட வரிசையில். அங் மோ கியோ வீடு 25ஆம் தேதி வரைதான் நம் கையில். 13 எபிசோடிலும் அந்த வீட்டுக்குள் நடப்பதெல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். பெரியம்மா பாக்கி 19 காட்சிகள், எபிசோட் 3, 5, 8, 10 என்று சிதறிக் கிடக்கின்றன.

இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து பிரித்தேன். அவர் இல்லாமலே நகரக்கூடியவை 7, அந்த வசனங்களைக் கதையில் மகளாக வருபவருக்குக் கொடுத்துவிடலாம். குரல் மட்டும் போதும் என்பவை 5: அடுப்படியிலிருந்து, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, தொலைபேசியில். பிறகு டப்பிங்கில் சேர்க்கலாம். முதுகு தெரிந்தால் போதும் என்பவை 3. முகம் இல்லாமல் முடியவே முடியாதவை 4. எட்டாம் எபிசோட் காட்சி 14 அந்த நான்கில் ஒன்று.

ஜூலை 4, வெள்ளி
காய்ச்சல் இறங்கிவிட்டதாம். யூனிட்டில் கைதட்டினார்கள். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் கண்டம். எனக்குக் கைதட்ட வரவில்லை.

ஜூலை 5, சனி
தேசிய தின ஒத்திகை. ஜெட்கள் தலைக்கு மேல். பேச்சின் அலைவரிசை எல்லாவற்றிலும் அந்த இரைச்சல் பரவிவிடுவதால் எடிட்டில் அதை மட்டும் உரித்தெடுக்க வழியில்லை. மூன்று மணிக்கு மேல் எடுத்த வசனம் அத்தனையும் டப்பிங்குக்கு. இனிச் சனிக்கிழமைகளில் வசனமில்லாத காட்சிகள்தான்.

ஜூலை 7, திங்கள்
முதுகுக் காட்சிகள் மூன்றும் முடிந்தன. மாற்றாக வந்தவருக்கு உயரமும் தோளும் சரியாக இருந்தன. 85 எம்எம் லென்ஸ், ஃபோகஸ் எதிரே இருப்பவர் முகத்தில், முன்னால் தோள் மங்கலாக. கொண்டையின் உயரத்தையும் முந்தானை விழும் பக்கத்தையும் பழைய ஸ்டில்லோடு ஒப்பிட்டுச் சரிசெய்தோம்.

காட்டிக்கொடுப்பது கைதான். எழுபது வயதுக் கையின் நரம்பும் சுருக்கமும் நாற்பதில் வராது. கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஜூலை 8, செவ்வாய்
குளிர்பெட்டி. வசனம் தொடங்குமுன் அதை அணைத்தே ஆக வேண்டும். கம்ப்ரஸர் ஒரு ஷாட்டில் ஓடி அடுத்த ஷாட்டில் நின்றால், இரண்டையும் வெட்டி ஒட்டும் இடத்தில் சத்தம் தடுக்கி விழும். அணைப்பவர் தன் கார்ச் சாவியைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்பது நம் வழக்கம். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, மறக்காமல் திரும்பப் போட்டுவிடுவார். இன்று அணைத்த பையனிடம் கார் இல்லை. வீட்டுக்காரம்மா வைத்திருந்த மீன் முழுக்கக் கெட்டுப்போனது. காலையில் தேக்கா போய் நானே வாங்கிவர வேண்டும். இனி எம்ஆர்டி அட்டையை உள்ளே வைக்கட்டும்.

வசந்தம் 2008 அக்டோபரில் தனி ஒளிவழியாகும் முன்பிருந்தே நடிப்பவர் பெரியம்மா. கால்டிகாட் குன்று ஸ்டூடியோ செட்டுகளில் குளிர்பெட்டி வெறும் பெட்டி, அதற்குள் மின்சாரமே இருக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன மாதம்தான்.

ஜூலை 10, வியாழன்
ஆங்கில வசனவரி வந்தது. காட்சி 14இல் "ஒன் மாமா" என்பதற்கு 'அங்கிள்' என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாம் எபிசோடில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே 'அங்கிள்'. கதையில் பெரியம்மா பேரனிடம் சொல்லும் அந்த மாமா, வீட்டைவிட்டுப் போன அவர் மகன். அது புரியாவிட்டால் எட்டாம் எபிசோடே புரியாது. 'உன் அம்மாவின் தம்பி' என்று ஆங்கிலத்தில் விரித்துப் போடலாம், ஆனால் வரி திரையில் நிற்பது ஒன்றரை விநாடி. விநாடிக்கு 15 எழுத்தைத் தாண்டினால் கண் பின்தங்கிவிடும். வசனத்தைத்தான் நீட்ட வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி
பெரியம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய சொந்த மகள் பேசினார்: "தம்பி, அம்மா சரியாவே சாப்பிடல. ஆனா ஸ்கிரிப்ட் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

ஜூலை 13, ஞாயிறு
பேரனாக நடிக்கும் பையன் தொடக்கநிலை 6. ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வு. இம்மாதத்துக்கு மேல் அவன் வரமாட்டான் என்று அவன் அம்மா சொல்லிவிட்டார். அவர் சொல்வதுதான் நியாயம். காட்சி 14இல் இருப்பது இரண்டே பேர், அவனும் பெரியம்மாவும்.

ஜூலை 15, செவ்வாய்
தயாரிப்பாளராக உட்கார்ந்தால் காட்சி 14ஐ வெட்டு என்கிறது கணக்கு. வெட்டினால் ஒருநாள் மிச்சம், எபிசோட் 22 நிமிடத்துக்குள் அடங்கும். எழுதியவனாக உட்கார்ந்தால் கை போகவில்லை. அந்த ஒரு இடத்தில்தான் அவர் மகனைப் பற்றிப் பேசுகிறார்.

மூன்று பக்கத்தை ஒன்றாக்கினேன். முன்பு அவர் எழுந்து அலமாரிக்குப் போய்ப் படத்தை எடுத்து வருவார். இப்போது பாயில் உட்கார்ந்தபடி பள்ளிச் சட்டையை மடிக்கிறார். பையன் படத்தைக் கொண்டுவந்து கேட்கிறான். டெங்கிக்குப் பிறகு சோர்வு வாரக்கணக்கில் இருக்கும், பத்து முறை எழுந்து உட்கார வைக்க முடியாது. இரண்டு கேமராவையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் ஒரே டேக்கில் இருவர் முகமும் கிடைக்கும்.

வசனம்: "ஒன் மாமா. ஒங்கம்மாவுக்கு நடக்கக் கத்துக்குடுத்தவன்." சத்தமாக வாசித்து நேரம் பார்த்தேன், நான்கு விநாடி. வசனவரி தாராளமாக நிற்கும். ஆனால் இப்போது அவன் தம்பி இல்லை, அண்ணன். மூன்றாம் எபிசோடில் ஓரிடத்தில் "தம்பி" வருகிறது. நல்லவேளை, இன்னும் எடுக்கவில்லை.

ஜூலை 16, புதன்
விடியற்காலையில் சுமத்ராக் காற்று, இடியும் மழையுமாக. புளோக்குக்கு வெளியே எதுவும் நடக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி
மகள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது புறங்கையில் டிரிப் ஏற்றிய இடம், ஐம்பது காசு அகலத்துக்குக் கன்றிப்போய், நடுவில் ஊதா, ஓரத்தில் மஞ்சள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்திருந்ததால் ரத்தம் அப்படிப் பரவியிருக்கிறது. சட்டை மடிக்கும் கை அதுதான். ஒப்பனைக்காரர் சொன்னது: முதலில் ஆரஞ்சு நிறத் திருத்தி, விரலால் ஒற்றி மட்டும், தேய்க்கவே கூடாது. அது காய்ந்த பின் தோல் நிற ஃபவுண்டேஷன், அதன்மேல் பவுடர். ஒலிக்காகக் குளிர்சாதனத்தை அணைத்துவிடுவோம், அதனால் அரை மணி நேரத்தில் வியர்த்துக் கலையும்.

இப்போது தோன்றுகிறது, எதற்கு மறைக்க வேண்டும்? வயதானவர் கை. எங்கோ இடித்துக்கொண்டார் என்று இருக்கட்டும். ஆனால் ஒன்பதாம் எபிசோட் முன்பே எடுத்தாயிற்று, அதில் மறுநாள் காலை அதே கை சுத்தமாக இருக்கிறது.

மறைத்தே ஆக வேண்டும்.

ஜூலை 19, சனி
ஜெட்.

ஜூலை 21, திங்கள்
நாளை வருகிறேன் என்கிறார். டாக்டரும் சரியென்றாராம். நாற்காலி, போர்வை, இளநீர், கஞ்சி. அவர் வருவதற்கு முன்பே அறையைக் குளிரவைக்க வேண்டும். விளக்குகளைப் பையனை வைத்தே சரிபார்த்துவிட வேண்டும். குளிர்பெட்டியை அணைப்பது நான்.

கால் ஷீட் 8 மணி. காட்சி 14 முதலில்.