கோசியஸ்கோ மலையில் களை தேடிய கோடைகள்

ஆஸ்திரேலியக் கண்டத்தின் மிக உயர்ந்த மலையான கோசியஸ்கோவின் உயரம் 2,228 மீட்டர். அதன் உச்சியை அடையக் கயிறும் பனிக்கோடரியும் வேண்டியதில்லை. த்ரெட்போ ஊரிலிருந்து நாற்காலி இழுவையில் ஏறி, இறங்கிய இடத்திலிருந்து 6.5 கிலோமீட்டர் நடந்தால், கோடையில் சிறுபிள்ளைகளும் உச்சியில் போய் நின்றுவிடலாம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தெற்கில், விக்டோரியா எல்லையைத் தொட்டுக்கொண்டு, ஏறக்குறைய 6,900 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் கோசியஸ்கோ தேசியப் பூங்காவில் நான் சில கோடைகள் பருவகாலக் களப்பணியாளனாக வேலை செய்தேன். அந்நாட்களில் உச்சியை நிமிர்ந்து பார்த்த நேரத்தைவிடக் காலடியிலுள்ள புல்லைக் குனிந்து பார்த்த நேரமே எனக்கு மிகுதி. ஹாக்வீட் என்னும் களைச்செடியைத் தேடிக் கண்டுபிடித்து அழிப்பது எங்கள் குழுவின் பணி.

ஹாக்வீட் ஐரோப்பாவைச் சேர்ந்த செடி. சூரியகாந்திக் குடும்பத்தில் அடங்கும் இதன் இரண்டு வகைகள் இந்தப் பூங்காவுக்குள் நுழைந்துள்ளன. அழகுக்காகத் தோட்டங்களில் வளர்க்கப்பட்ட, செம்மஞ்சள் நிறத்தில் பூக்கும் வகை 2003ஆம் ஆண்டில் பூங்காவின் நடுப்பகுதியில் ஜகங்கல் மலையை ஒட்டிய காட்டில் கண்டறியப்பட்டது. எலிக்காது ஹாக்வீட் எனப்படும் மஞ்சள் பூ வகை பிற்பாடு, உச்சியை ஒட்டிய முதன்மை மலைத்தொடரிலேயே தென்பட்டது. காற்றில் பறக்கும் விதையாலும், தரையோடு ஓடும் தண்டாலும், மண்ணில் விடுபட்டுப்போன வேர்த்துண்டாலும் இவை பரவும். ஓரிடத்தில் வேரூன்றியபின் இலைகள் நெருக்கமாகப் படர்ந்து, வேறெந்தச் செடிக்கும் அங்கு இடமில்லாமல் செய்துவிடும். நியூசிலாந்தின் தென்தீவில் உயர்நிலப் புல்வெளிகள் பலவற்றை எலிக்காது ஹாக்வீட் ஏற்கெனவே கைப்பற்றிவிட்டது. அங்கே அதை ஒழிப்பதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. கோசியஸ்கோவில் இன்னும் ஒழித்துவிட முடியும் என்ற நம்பிக்கைதான் எங்களை வேலைக்கு அமர்த்தியது. நீலகிரியை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த அச்சத்தை விளக்க வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கே கொண்டுபோய் நடப்பட்ட சீகை மரம் சோலைகளை ஒட்டிய புல்வெளிகளை எப்படி விழுங்கியது என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள்.

தேடும் முறை எளியது, ஆனால் உடலையும் மனத்தையும் ஒருங்கே சோதிப்பது. சில மீட்டர் இடைவெளியில் வரிசையாக நின்று, அனைவரும் ஒரே வேகத்தில் நகர வேண்டும். ஒவ்வொருவரும் தமக்கு இருபுறமும் உள்ள தரையைப் புல்லை விலக்கிப் பார்க்க வேண்டும். புதர் வந்தால் அதனுள் நுழைய வேண்டும். சரிவில் பாறை வந்தால் அதன் இடுக்குகளையும் விடக்கூடாது. பூத்திருக்கும்போது செடியைக் காண்பது எளிது. பூக்காதபோதோ, மயிரடர்ந்த சில இலைகள் தரையோடு ஒட்டிக் கிடப்பது மட்டுமே அடையாளம். அதே அளவிலும் அதே பச்சையிலும் மண்ணுக்குரிய டெய்சி வகைகள் பக்கத்திலேயே வளர்கின்றன. செடி கிடைத்ததும் அடையாளக் கொடி நட்டு, ஜி.பி.எஸ். கருவியில் இடத்தைக் குறித்து, சுற்றிலும் இன்னும் நெருக்கமாகத் தேடி, பயிற்சி பெற்றவர் களைக்கொல்லி தெளிப்பார். கோடைக் காலத்திலும் ஒரே நாளில் கொளுத்தும் வெயிலும் ஆலங்கட்டி மழையும் வரும். டிசம்பரில் பனி பெய்வதும் புதிதன்று. துணியைத் துளைத்துக் கடிக்கும் பெரிய ஈக்கள் வெயில் ஏறியதும் மொய்க்கத் தொடங்கும். புல்லை விலக்கும் கைக்கு முன்னால் ஒரு தடி செல்ல வேண்டும், ஏனெனில் அங்கே நச்சுப்பாம்புகள் உண்டு.

தேடலுக்குப் பயிற்சி பெற்ற நாய்களும் வந்தன. நாய்களுக்கு அனுமதி இல்லாத அந்தப் பூங்காவில் அவை மட்டும் வேலைக்காரர்களாக உலவின. மனிதக் கண்ணுக்குத் தட்டுப்படாத, புல்லடியில் மறைந்த சிறு நாற்றையும் மோப்பத்தால் கண்டு, அந்த இடத்தில் அசையாமல் நின்று, பயிற்றுநரின் முகத்தைப் பார்க்கும். நாங்கள் தேடி முடித்து ‘இல்லை’ என்று எழுதிய இடத்தில் நாய் ஒன்றைக் கண்டுபிடித்தால் குழுவில் யாரும் வருந்துவதில்லை, மகிழ்ச்சிதான். ஒரு செடி விதையாவதற்கு முன் கிடைத்துவிட்டது என்பதே அங்கே முக்கியம்.

நடைபாதையில் செல்பவர்கள் எங்கள் வரிசையைப் பார்த்து நின்று, “ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?” என்று கேட்பார்கள். விளக்கினால், பெரும்பாலானோர் முகத்தில் வியப்பு தோன்றும். இவ்வளவு பெரிய மலையில் இவ்வளவு சிறிய செடிக்காக இத்தனை பேரா என்று வெளிப்படையாகவே கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்கு நியாயமான விடை களையில் இல்லை, அந்த மண்ணின் வரலாற்றில் இருக்கிறது. அதை முழுவதும் சொல்ல நடைபாதையில் நேரம் கிடைத்ததில்லை.

1830களிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, கோடைதோறும் சமவெளிகளிலிருந்து ஆடுகளும் மாடுகளும் இம்மலைக்கு ஓட்டிவரப்பட்டன. பழைய புல் கடினமாக இருந்ததால், இளம்புல் துளிர்க்கட்டும் என்று மேய்ப்பர்கள் மலைச்சரிவுகளுக்குத் தீ வைத்தார்கள். புல்லின் மூடாப்பு போனதும் மீதி வேலையைக் குளிர் செய்தது. இரவில் ஈரமண்ணுக்குள் ஊசி ஊசியாகப் பனிக்கட்டி வளர்ந்து மேல்மண்ணைத் தூக்கும். பகலில் அது உருக, தளர்ந்த மண்ணைக் காற்றும் மழையும் எடுத்துச் செல்லும். முளைக்க முயலும் நாற்றின் வேரும் அந்த ஊசிகளில் அறுந்துபோகும். ஆகவே வெறுமையான தரை, கால்நடைகள் போன பின்பும் வெறுமையாகவே இருந்தது. சில முகடுகளில் கருமண் முழுவதும் கழன்று, கற்கள் மட்டுமே மிஞ்சின. நீரை உறிஞ்சி வைத்து மெல்ல வழியவிடும் ஸ்பாக்னம் பாசிச் சதுப்புகளைக் குளம்புகள் அறுத்து வாய்க்கால்களாக்கின.

இந்தச் சேதத்தை முதலில் முறையாகப் பதிவு செய்தவர் பால்டர் பைல்ஸ் என்னும் வனத்துறை அலுவலர்; மரே ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியை ஆய்ந்து அவர் எழுதிய அறிக்கை 1932இல் வெளிவந்தது. 1944இல் மாநிலப் பிரதமர் வில்லியம் மக்கெல் இப்பகுதியை மாநிலப் பூங்காவாக்கினார். பின்னர் அவரே கவர்னர் ஜெனரலாக, 1949 அக்டோபர் 17 அன்று அடமினபி ஊரில், அணைகள் கட்டி மின்சாரமும் பாசனநீரும் பெறும் ஸ்னோயி மலைத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒரே மலைக்குப் பாதுகாப்பையும் அணைகளையும் ஒரே மனிதர் கொண்டுவந்தது முரணாகத் தோன்றலாம். ஆனால் அணை கட்டியவர்களுக்கும் வண்டல் இல்லாத தண்ணீர் வேண்டியிருந்தது. அலெக் காஸ்டின் போன்ற தாவர அறிவியலாளர்கள் புல்லும் சதுப்பும் தண்ணீரை எப்படித் தாங்குகின்றன என்பதை ஆய்ந்து காட்ட, 1957இல் ஆஸ்திரேலிய அறிவியல் கழகமும் உயர்மலை நீர்ப்பிடிப்புகளின் நிலை குறித்து எச்சரித்தது. 1950களின் இறுதியில் 1,370 மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மேய்ச்சல் நிறுத்தப்பட்டது. 1967இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று.

மேய்ச்சலை நிறுத்தியது மட்டும் போதவில்லை. மண் பாதுகாப்புத் துறையினர் கராதர்ஸ் முகட்டுக்கு வைக்கோலைக் கொண்டுபோய்ப் பரப்பி, அது பறந்துவிடாமல் கம்பிவலையால் மூடி, சரிவுக்குக் குறுக்கே வரப்பு கட்டி, உரமிட்டு, விதை தூவினார்கள். விரைவில் வேர் பிடிக்கட்டும் என்று அயல்நாட்டுப் புல் விதைகளும் அவற்றில் இருந்தன. இன்று நாங்கள் அயற்செடிகளைத் தேடி அலையும் மலையில் அன்று அவற்றையே விதைத்தார்கள் என்பது உண்மை. ஆயினும் அந்த முடிவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மண்ணே போய்க்கொண்டிருந்த நேரத்தில் மண்ணைப் பிடித்து நிறுத்துவதுதான் முதல் வேலை.

அந்த முகட்டைக் கடந்து செல்லும் நடைபாதையில் இன்று செல்பவர்கள் ஸ்னோ கிராஸ் புல்லையும், வெள்ளி நிற டெய்சிகளையும், ஜனவரியில் வெண்மையாகப் பூத்திருக்கும் அனிமோன் பட்டர்கப் மலரையும் பார்க்கிறார்கள். உலகில் இந்த மலைப்பகுதியில் மட்டுமே வளரும் அந்தப் பட்டர்கப், மேய்ச்சல் காலத்தில் கால்நடைகளின் வாய் எட்டாத பாறை இடுக்குகளில் மட்டும் ஒதுங்கி உயிர்பிழைத்தது. மேய்ச்சல் நின்றபின் அது சரிவுகளில் இறங்கிப் பரவியது. மனிதக் கை படாத இயற்கை என்று பார்வையாளர்கள் படம் எடுத்துக்கொள்ளும் காட்சியில் ஒரு பகுதி, சம்பளத்துக்கு வேலை செய்த மனிதர்கள் குளிரில் வைக்கோல் சுமந்து மீட்டெடுத்தது. இதை அறிந்த பின் அந்த மலை எனக்குச் சிறிதும் அழகு குறையவில்லை, கூடியது.

உண்மையில் மனிதக் கை படாத காலம் என்று இம்மலைக்கு நெடுங்காலமாகவே இருந்ததில்லை. இம்மண்ணின் பூர்வகுடிகளான நரிகோ மக்களும் அண்டை இனத்தாரும் கோடையில் இங்கே கூடி, பாறை வெடிப்புகளில் அடர்ந்து உறங்கும் போகாங் அந்துப்பூச்சிகளைச் சுட்டு உண்டார்கள். அந்த அந்துப்பூச்சிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து வெயில் காலத்தை மலையில் கழிப்பவை. 1966 வரை புதைபடிவமாக மட்டுமே அறியப்பட்டிருந்த மலைக் குள்ளப் போசம் என்னும் சிறு பாலூட்டி, குளிர்கால உறக்கம் கலைந்து எழும்போது அவற்றையே பெரிதும் நம்பியிருக்கிறது. 2017ஐத் தொடர்ந்த வறட்சியில் அந்துப்பூச்சிகள் வெகுவாகக் குறைந்தபோது, அவை பிறக்கும் சமவெளிகளில் மழை பொய்த்தது நாங்கள் நின்ற பாறைக் குவியல்கள்வரை எட்டியது.

தங்கியிருந்தது ஜிண்டபைனில். இன்றைய ஊர் புதியது. பழைய ஊர் ஸ்னோயி மலைத் திட்டத்தின் அணையால் 1967இல் ஏரிக்குள் போயிற்று. வடக்கே அடமினபியில் 1950களில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களை வண்டிகளில் ஏற்றி வேறிடத்துக்கு மாற்றினார்கள். 1949 முதல் 1974 வரை நடந்த அந்தத் திட்டத்தில் 30க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள் உட்பட 1,00,000 பேருக்கு மேல் உழைத்தார்கள். 121 பேர் உயிரிழந்தார்கள். பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்த உழைப்பின் மீது இருக்கும் மதிப்பு ஆழமானது, உரியதும்கூட. அதே திட்டம் ஜிண்டபைனுக்குக் கீழே ஸ்னோயி ஆற்றின் இயல்பான நீரோட்டத்தில் ஏறக்குறைய 99 விழுக்காட்டை மேற்கே திருப்பிவிட்டது. 2002இல்தான் ஆற்றுக்கெனத் தனியே நீர் திறந்துவிடப்படலாயிற்று. மண்ணைப் போலவே ஆற்றையும் கெடுத்தபின் சிறிது சிறிதாக மீட்கிறார்கள்.

ஊரில் பேசும்போது மிகுந்த கவனம் தேவைப்பட்ட பொருள் காட்டுக் குதிரைகள். மேய்ப்பர் குடும்பங்களின் வழித்தோன்றல்களுக்கு அவை முன்னோர் வாழ்வின் நினைவு. 2018இல் அவற்றின் பாரம்பரியத்தைக் காக்கச் சட்டமே இயற்றப்பட்டது. 2023இல் எண்ணிக்கையைக் குறைக்க ஹெலிகாப்டரிலிருந்து சுடவும் அனுமதி வந்தது. குதிரை சாவதைப் பற்றிப் பேசுபவரின் துயரம் பொய்யன்று. ஆனால் வடபகுதிச் சதுப்புகளில் குளம்படி பட்ட ஓடைக்கரைகளைப் பார்த்தபின், பைல்ஸ் தம் காலத்தில் கண்டது எதுவென்று எனக்கு ஓரளவு புரிந்தது. கறுப்பும் மஞ்சளுமாக வரியோடும் தென்கொரபரி தவளை முட்டையிடுவதும் இத்தகைய சதுப்பு ஓரங்களில்தான். பூஞ்சை நோயால் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்ட அத்தவளையை விலங்குக் காட்சியகங்களில் பெருக்கி மீண்டும் மலைக்குக் கொண்டுவருகிறார்கள். கொண்டுவந்து விடச் சதுப்பு இருக்க வேண்டும். அதனால் குதிரைகளைக் குறைத்தே ஆக வேண்டும் என்பது என் முடிவு. கேட்டவர்களிடம் அதை மறைக்கவில்லை.

2019–20 கோடையின் தீ பூங்காவின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எரித்தது. கியாண்ட்ராவின் பழைய நீதிமன்றக் கட்டடமும், கப்ரமரா ஊரின் வீடுகள் பலவும் போயின. ஆல்பைன் ஆஷ் மரம் தீயில் செத்தபின் விதையிலிருந்துதான் மீளும். அந்தக் கன்று விதை தரும் வயதை எட்ட ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகும். 2003இன் பெருந்தீயில் முளைத்த கன்றுகள் சில சரிவுகளில் அந்த வயதுக்கு முன்பே மறுபடி எரிந்தன. எரிந்து வெறுமையான தரை களைகளுக்கு வசதியான இடம் என்பதால், கரிந்த அடிமரங்களுக்கிடையே தேடும் பணியும் அவசரமானது.

வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் காலணிகளின் அடியையும் கணுக்கால் உறைகளின் மடிப்புகளையும் தூரிகையால் தேய்த்து, பிடித்திருக்கும் விதைகளை எடுத்து, கிருமிநாசினி தெளித்த பின்பே வண்டியில் ஏறுவோம். களை தேடுபவரே களையைச் சுமந்து செல்லக்கூடாது. மாலையில் ஜி.பி.எஸ். தடங்கள் பதிவேற்றப்படும். செடி எதுவும் கிடைக்காத தடமும் அதே கவனத்துடன் பதிவாகும். மண்ணில் விதை எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், ஒருமுறை களை இருந்த இடம் தொடர்ந்து பல கோடைகள் வெறுமையாக இருந்தால்தான் தேடல் பட்டியலிலிருந்து நீக்கப்படும். ஆகவே அடுத்த கோடையில் வரும் குழு எந்தச் சரிவில் தொடங்க வேண்டும் என்பதை, எங்களுக்கு எதுவும் கிடைக்காத இடங்களின் வரைபடத்தையும் வைத்தே தீர்மானிக்கிறார்கள்.