சுற்றுச்சூழல் சான்றிதழ் வாங்கப் போய் ஃப்ளஷ் டேங்கில் மாட்டிய கதை

எங்களுடையது 24 அறை ஹோட்டல். தொடர்ந்து அறை எடுக்கும் ஒரு நிறுவனம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது "ஐஎஸ்ஓ 14001 இருக்கிறதா?" என்று கேட்டு மெயில் போட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஒரு நிறுவனம் சுற்றுச்சூழலை எப்படி நிர்வகிக்க வேண்டும் என்று சொல்லும் சர்வதேசத் தரநிலை அது. பூமியைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் அப்போது எனக்கு இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு ஆலோசகரைப் பிடித்தோம். தடிமனான கையேடு ஒன்று கொடுத்தார். அதில் நீச்சல் குளப் பராமரிப்புக்கே நான்கு பக்கம். எங்களிடம் நீச்சல் குளமே கிடையாது. வேறு யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அந்தத் தரநிலையின் 2015 பதிப்பை நானே உட்கார்ந்து படித்தேன். படித்தால்தான் தெரிகிறது, இத்தனை லிட்டர்தான் செலவழிக்கலாம், இத்தனை யூனிட்தான் எரிக்கலாம் என்று அது எங்கேயும் சொல்லவே இல்லை. உன் இடத்தில் எது சுற்றுச்சூழலைப் பாதிக்கிறது என்று நீயே கண்டுபிடி, சட்டம் சொல்வதைச் செய், இலக்கை நீயே வை, செய்ததைக் காட்டு. ஏறக்குறைய அவ்வளவுதான்.

சரி, எதைக் கண்டுபிடிப்பது? பில் மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும், அதை வைத்து ஒன்றும் புரியாது. அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி தினமும் தண்ணீர் மீட்டரையும் கரன்ட் மீட்டரையும் குறிக்க ஆரம்பித்தோம், பக்கத்திலேயே அன்று எத்தனை அறையில் ஆள் இருந்தது என்றும். இந்தக் கடைசி விஷயம் முக்கியம், அது இல்லாவிட்டால் ஆள் வராத மாதத்தை நாம் சிக்கனமாக இருந்த மாதம் என்று நினைத்துக்கொள்வோம். அப்புறம் ஒரு நாள் இரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் மீட்டரைப் பார்த்தேன். ஊரே தூங்குகிற அந்த மூன்று மணி நேரத்தில் 400 லிட்டருக்கு மேல் ஓடியிருந்தது.

மறுநாள் ஒவ்வொரு ஃப்ளஷ் டேங்கிலும் கொஞ்சம் உணவு நிறமியைக் கலந்து, ஃப்ளஷ் செய்யாமல் இருபது நிமிடம் விட்டோம். ஐந்து அறைகளில் கோப்பைக்குள் சிவப்பு இறங்கி நின்றது. சத்தமே இல்லாமல் ஒழுகியிருக்கிறது. அடியில் இருக்கும் ரப்பரை மாற்றினோம், வேறு ஒன்றும் இல்லை. இத்தனை நாள் சோலார் பேனல் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.

ஷவரில் 10 லிட்டர் பக்கெட் நிரம்ப 38 வினாடி ஆனது, அதாவது நிமிடத்துக்குப் பதினாறு லிட்டர். பாதி அளவு விடும் ஷவர் தலைகளை எல்லா அறைக்கும் மாட்டினேன், மேல் மாடியில் ஏற்கெனவே பிரஷர் குறைவு என்பதை மறந்துவிட்டு. தலையில் சோப்பு நுரையோடு ரிசப்ஷனுக்குப் போன் செய்தவர்கள் இரண்டு பேர். மேல் மாடிக்கு மட்டும் பழையதையே திரும்ப மாட்டினோம். வெந்நீர் டேங்கின் சூட்டை 45 டிகிரிக்குக் குறைத்ததும் என் அதிபுத்திசாலித்தனம்தான். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் நிமோனியாவை உண்டாக்கும் லெஜியனெல்லா கிருமி வளரும், டேங்கில் 60 டிகிரி இருக்க வேண்டும் என்று பிளம்பர் திட்டிய திட்டில் அன்றே ஏற்றிவிட்டேன். அதற்குப் பதில் குழாய்களுக்கு உறை சுற்றினோம்.

துண்டு விஷயத்தில்தான் சரியாக மூக்குடைபட்டேன். "துண்டைத் தொங்கவிட்டால் மறுபடி பயன்படுத்துவேன் என்று அர்த்தம்" என்ற அட்டையை அறைதோறும் வைத்து மூன்று வாரம் ஆகியும் லாண்டரி எடை குறையவே இல்லை. கிரீன்வாஷிங், அதாவது சுற்றுச்சூழல் அக்கறை இருப்பதுபோல வேஷம் போடுவது, என்ற சொல்லே 1986-இல் இப்படிப்பட்ட ஹோட்டல் அட்டையைக் கிண்டல் செய்யப் பிறந்ததுதான், அது வேறு கதை. விருந்தினர்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் கேட்டால், "தொங்குறதையும் சேர்த்துத்தான் சார் எடுக்கிறோம், தினமும் மாத்தணும்னு நீங்க கொடுத்த லிஸ்ட்லயே இருக்கே" என்றார். இருந்தது, நான் எழுதியதுதான். இன்னொன்றும் சொன்னார்: பாத்ரூமில் இருப்பது ஒரே கம்பி, இரண்டு பேர் தங்கினால் இரண்டாவது துண்டு எங்கே காயும்? லிஸ்டைத் திருத்தி, அறைக்கு இரண்டு கொக்கி அடித்த பிறகு அடுத்த வாரமே எடை இறங்கியது.

தணிக்கை இரண்டு கட்டமாக நடந்தது. முதலில் காகிதம், பிறகு நேரில். வந்தவர் என் கொள்கை அறிக்கையை ஒரு நிமிடம் பார்த்தார், மீட்டர் நோட்டை அரை மணி நேரம் புரட்டினார். பிறகு நேராக அந்த அக்காவிடம் போய், இந்த கேனில் என்ன இருக்கிறது, கொட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அவர் சரியாகச் சொல்லிவிட்டார், ஆனால் கேனில் லேபிள் இல்லை. அது ஒரு குறை, நோட்டில் விடுபட்ட மூன்று நாட்கள் இன்னொன்று. இரண்டையும் சரிசெய்து அனுப்பினோம், சான்றிதழ் வந்தது. மூன்று வருடத்துக்குச் செல்லும், ஆனால் வருடா வருடம் வந்து பார்ப்பார்கள். போன வாரம் நிறமியை எடுத்துக்கொண்டு மறுபடி ஒரு சுற்று போனோம், இந்த முறை இரண்டு டேங்க்.